அப்டேட்டை நிறுத்திவிட்டு வராதே

தம்பி,

ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வீடு வீடாகப் போய் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும் தொழிலுக்கு வந்திருக்கிறாய். இதில் ஊறிப்போன ஒரு வழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடு. ஃபார்மட் அடித்து, லைசென்ஸ் இல்லாமல் ஓடவைக்கும் கிராக்கைப் போட்டு, கிளம்பும்போது அப்டேட்டை நிறுத்திவிட்டு வருவதைச் சொல்கிறேன். மெஷின் மந்தமாகாது, மொபைல் டேட்டா தீராது, கிராக் கலையாது என்று அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதிதான். ஆனால் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பரவியபோது என்ன நடந்தது? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள். மருந்து வந்து இரண்டு மாதமாகியும் போடப்படாதவை. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. பராமரிப்பு நின்றால் என்னவாகும் என்பதைத் கோலார் தங்கவயல்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு, இறைக்க ஆளில்லாமல் தண்ணீர் ஏறி மூழ்கிய குழிகளின் மேல்தான் நம் ஊர் இருக்கிறது.

அப்டேட்டே மெஷினைக் கெடுக்கிறதே என்பாய். உண்மைதான். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அது நிறுவனங்கள் வாங்கும் பாதுகாப்பு மென்பொருள். அதன் அப்டேட் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கியது. வீட்டில் உனக்கு அவகாசம் இருக்கிறது. பேக்கப் எடுத்துக்கொண்டு, பெரிய அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிவைத்துப் போடலாம். தள்ளிவைப்பதும் அடியோடு நிறுத்துவதும் ஒன்றல்ல.

லைசென்ஸ் வாங்கக் காசில்லை என்பது இதைவிடக் கனமான கேள்வி. கிராக் போடும்போது நீ முதலில் என்ன செய்கிறாய்? ஆன்ட்டி வைரஸை அணைக்கிறாய். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு புரோகிராமுக்கு மெஷினின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறாய். அப்பாவின் சுரங்க வேலைக் காகிதங்களும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிற மெஷின் அது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட முடியாது. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போடு. காசு கிடையாது, தமிழும் கன்னடமும் தட்டலாம், அப்டேட்டும் வரும். டேலி என்ற கணக்கு மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. கணக்கு எழுதுகிறவரிடம் அதை மறைக்காமல் சொல்லி, லைசென்ஸ் வாங்கச் சொல்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஃபார்மட்டில் கை வைக்கும் முன் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடு. கிளம்பும் முன் அப்டேட் பக்கத்தைத் திறந்து, அது ஓடுகிறது என்பதை வீட்டுக்காரர் கண்முன்னே காட்டிவிட்டு வா, தம்பி.