பாடகருக்குப் பின்னாடி நின்னவங்க

எல்விஸ் பிரெஸ்லி பேரைக் கேள்விப்படாதவங்க குறைவு. ஸ்காட்டி மூர், பில் பிளாக்? இந்தப் பேர்களைக் கேட்டிருக்கீங்களா? 1954 ஜூலையில் வெளியான எல்விஸின் முதல் இசைத்தட்டு லேபிளில், அவர் பெயருக்குக் கீழே "ஸ்காட்டி அண்ட் பில்" என்றும் அச்சடித்திருக்கும். ரெண்டு வருஷம் கழித்து அந்தப் பெயர்கள் லேபிளில் இல்லை. ஆனா பாட்டில் வாசித்தது அதே ஆட்கள்தான்.

இந்தக் கட்டுரையில் ரெண்டு விஷயம் பார்க்கப் போறோம். 1950-களின் அமெரிக்க ராக் அண்ட் ரோலில், பாடகருக்குப் பின்னாடி நின்னவங்க உண்மையில் என்ன செஞ்சாங்க? அதுக்கு அவங்களுக்கு என்ன கிடைச்சது?

1. ட்ரம்ஸ் இல்லாத தாளம்

1954 ஜூலை 5, மெம்பிஸ் நகரம், சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோ. எல்விஸுக்கு வயசு 19. பாடிப் பார்த்த மெதுவான பாட்டு எதுவும் சரியா அமையலை. இடைவேளையில் விளையாட்டா, 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற பழைய ப்ளூஸ் பாட்டை வேகமாகப் பாட ஆரம்பிச்சார். பில் பிளாக் டபுள் பேஸோடு சேர்ந்துகிட்டார். ஸ்காட்டி மூர் கிடாரில் நுழைந்தார். சத்தத்தைக் கேட்ட ஃபிலிப்ஸ், முதல்லேர்ந்து மறுபடி வாசிக்கச் சொன்னார். அதுதான் அந்த முதல் இசைத்தட்டு.

அந்த அறையில் ட்ரம்மரே கிடையாது. ஆனா பாட்டில் தாளம் தெளிவா கேட்கும். அது பில் பிளாக்கின் வேலை. டபுள் பேஸின் தந்தியை வெளிப்பக்கமா இழுத்து விட்டா, அது கழுத்துப் பலகையில் 'டக்'குன்னு மோதும். நடுவில் கையாலும் தந்தியைத் தட்டுவார். இதுக்கு ஸ்லாப் பேஸ்னு பேர். ஒரே வாத்தியத்தில் கீழ் ஸ்தாயி சுரமும் கிடைக்குது, தாளமும் கிடைக்குது. மூணு பேர் வாசிச்சது அஞ்சு பேர் வாசிச்ச மாதிரி நிறைவா இருக்கக் காரணம் அதுதான்.

2. ஒரு வலது கையிலிருந்து பிறந்த பீட்

நியூ ஆர்லியன்ஸில் ஏர்ல் பாமர் என்று ஒரு ட்ரம்மர் இருந்தார். 1949-ல் பதிவான ஃபேட்ஸ் டாமினோவின் 'த ஃபேட் மேன்', 1955 செப்டம்பரில் பதிவான லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி', ரெண்டிலும் வாசிச்சது அவர்தான். ரெண்டும் கோசிமோ மட்டாஸாவின் ஜே அண்ட் எம் ஸ்டுடியோவில் பதிவானவை. லிட்டில் ரிச்சர்டோடு ஊர் ஊராப் போன 'அப்செட்டர்ஸ்' வேற குழு. 'டுட்டி ஃப்ரூட்டி'யில் வாசிச்சவங்க அந்த ஊர் ஸ்டுடியோ கலைஞர்கள்.

இப்போ மேசையில் தட்டிப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ரெண்டிலும் நாலிலும் மட்டும் பலமா தட்டுங்க. இதுதான் பேக்பீட். அடுத்தது, ஒவ்வொரு அடியையும் ரெண்டாப் பிரிங்க. முதல் பாதி நீளம், அடுத்த பாதி குட்டை என்று பிரிச்சா அது ஷஃபிள். அதுவரை ரிதம் அண்ட் ப்ளூஸில் அதிகம் கேட்டது இந்த நடைதான். லிட்டில் ரிச்சர்டோ பியானோவில் வலது கையால் ரெண்டு பாதியையும் சமமா அடிச்சார். அந்தக் கைக்கு ஈடு கொடுக்கத்தான் தானும் சமமா வாசிக்க ஆரம்பிச்சதாக பாமர் பின்னாளில் சொன்னார். இன்னிக்கு நாம ராக் பீட்னு சொல்றது அந்த நடையைத்தான்.

3. நாலு குரல், ஒரு ஆர்கன்

ஜோர்டனெயர்ஸ் என்பது நாஷ்வில் நகரில் கிறிஸ்தவப் பாடல்கள் பாடிவந்த நால்வர் குழு. 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில், ஆர்சிஏ கம்பெனியின் ஸ்டுடியோவில் எல்விஸோடு 'டோன்ட் பி க்ரூயல்' பாடினாங்க. ரெண்டு டெனார், ஒரு பாரிடோன், ஒரு பேஸ் குரல். இந்த மாதிரிக் குழு செய்யும் வேலை ரெண்டு. பாடகர் பாடும்போது 'ஊ', 'ஆ' என்று நீட்டிப் பிடிச்சு ஆர்கன் மாதிரி அடித்தளம் போடுவது ஒண்ணு. அவர் வரியை முடிச்சு மூச்சு வாங்கும் இடத்தில் சின்னச் சின்னப் பதில் கொடுப்பது இன்னொண்ணு.

இதில் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒண்ணு இருக்கு. நாஷ்வில்லில் ஒரே நாளில் பல பாடகர்களுக்குப் பாடணும், நொட்டேஷன் எழுத நேரம் கிடையாது. அதனால ஜோர்டனெயர்ஸின் நீல் மேத்யூஸ், கார்டுகளைப் பெயருக்குப் பதிலா எண்ணில் எழுத ஆரம்பிச்சார். 1, 4, 5 என்று குறிச்சுட்டா, பாடகர் எந்தச் சுருதிக்கு மாறினாலும் தாளை மாத்த வேண்டாம். ச எங்கே வெச்சாலும் ப அதுக்கேத்த இடத்தில் வந்து நிக்கிற மாதிரி. கோடிங் பாஷையில் சொன்னா, ஹார்ட்கோட் பண்ணாம வேரியபிள் வெச்சார். இதிலிருந்து வளர்ந்த 'நாஷ்வில் நம்பர் சிஸ்டம்' இன்னிக்கும் ஸ்டுடியோக்களில் இருக்கு.

4. பங்கு எப்படிப் போச்சு?

ஆரம்பத்தில் வந்த பணத்தில் எல்விஸுக்கு 50 சதவீதம், ஸ்காட்டிக்கும் பில்லுக்கும் தலா 25. புகழ் வளர்ந்ததும் அது சம்பளமா மாறியது. வேலை இருந்தா வாரம் 200 டாலர், இல்லாட்டி 100. எத்தனை லட்சம் தட்டு வித்தாலும் அதே தொகைதான். 1957 செப்டம்பரில் ரெண்டு பேரும் ராஜினாமா செஞ்சாங்க. அதே சமயம், ஜோர்டனெயர்ஸ் பெயர் எல்விஸின் லேபிளில் ஏறியது. திறமையில் யாரும் குறைவில்லை. ஒப்பந்தம்தான் வேற.

பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த க்ளாக்' பாட்டில் வரும் கிடார் சோலோவை வாசிச்சவர் டேனி செட்ரோன். 1954 ஏப்ரலில் நடந்த அந்த ரெக்கார்டிங்குக்கு அவர் வாங்கினது 21 டாலர். ஜூன் மாசம் படியிலிருந்து விழுந்து இறந்துபோனார். பாட்டு முதலிடத்துக்கு வந்தது 1955-ல்.

ஏன் இப்படி? சொல்லும் மெட்டும் 'பாடல்' என்று கணக்கில் வந்தது. அதை எழுதினவர் பெயரில் ராயல்டி போகும். தாளம், சோலோ, பதில் குரல் எல்லாம் 'கூலி வேலை' கணக்கில் போச்சு. அன்னிக்கே பணம் கொடுத்து முடிச்சுடுவாங்க.

இந்தக் கணக்கு எவ்வளவு விசித்திரம்னு பாருங்க. 1952-ன் கடைசி நாள், செயின்ட் லூயிஸ் நகரில் பியானோ கலைஞர் ஜானி ஜான்சன் தன் குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லைன்னு மாத்து ஆளா கூப்பிட்டது சக் பெர்ரியை. பெர்ரியின் முதல் ஹிட் 'மேபலின்' 1955-ல் வந்தபோது, எழுதியவர் பட்டியலில் ரேடியோ அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் பெயர் இருந்தது. பியானோ வாசிச்ச ஜான்சன் பெயர் இல்லை. பல பாடல்களின் உருவாக்கத்தில் தனக்கும் பங்கு உண்டுன்னு 2000-ல் ஜான்சன் வழக்குப் போட்டார். காலம் கடந்துடுச்சுன்னு 2002-ல் வழக்கு தள்ளுபடி ஆச்சு.

அங்கீகாரமும் தாமதமாத்தான் வந்தது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2000-ல்தான் துணைக் கலைஞர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. ஸ்காட்டி மூரும் ஏர்ல் பாமரும் முதல் பட்டியலில் இருந்தாங்க. பில் பிளாக்குக்கு 2009-ல் இடம் கிடைச்சது. அவர் இறந்தது 1965-ல். பட்டி ஹாலியை 1986-லேயே சேர்த்துட்டாங்க. அவரோட வாசிச்ச கிரிக்கெட்ஸ் குழு 26 வருஷம் காத்திருந்து 2012-ல் உள்ளே போச்சு.

5. வீட்டுப்பாடம்

ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு பாட்டையும் பாடகரை விட்டுட்டுக் கேளுங்க. 'தட்ஸ் ஆல் ரைட்'டில் பேஸ். 'டுட்டி ஃப்ரூட்டி'யில் ட்ரம்ஸ். 'டோன்ட் பி க்ரூயல்' பாட்டில் எல்விஸ் மூச்சு வாங்கும் இடங்கள். கடைசியா பட்டி ஹாலியின் 'எவ்ரிடே'. அதில் தாளமா கேட்கிறது, ட்ரம்மர் ஜெர்ரி ஆலிசன் தன் தொடையில் கையால் தட்டுற சத்தம்.

நீங்களும் பேண்ட் வெச்சிருந்தா இன்னொரு வேலை. முதல் பாட்டை அப்லோடு பண்றதுக்கு முன்னாடி, யார் என்ன செஞ்சாங்க, பணம் வந்தா யாருக்கு எவ்வளவுன்னு ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைங்க. பாட்டு ஹிட் ஆன பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குறது ரொம்பக் கஷ்டம்.