சீட் வலிக்கு மெத்தை மருந்தல்ல

முட்டி வலி, கழுத்து வலி, உள்ளங்கை மரத்துப்போவது எல்லாவற்றையும் சைக்கிள்காரர்கள் டீக்கடையில் நின்று தாராளமாகப் பேசுவார்கள். உட்காருமிடத்து வலி மட்டும் பேச்சில் வராது. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் இந்த வாரம் முட்டுக்காடு வரை வருவார், அடுத்த வாரம் கோவளம் வரை வருவார், அப்புறம் ஆளையே காணோம். விசாரித்தால் "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி சார்" என்று பதில் வரும். பல பேருக்கு வேலையெல்லாம் இல்லை, வலிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) பல வருடமாக விடியற்காலையில் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், கூச்சத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில் எந்த வலி என்று பார்க்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் நம் எடை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில் இறங்க வேண்டும். மரப் பெஞ்சில் உட்காரும்போது உறுத்துமே, அந்த எலும்புகள்தான். புதியவர்களுக்கு அந்த இரண்டு இடத்திலும் அடிபட்ட மாதிரி வலிக்கும். இரண்டு மூன்று வாரம் விடாமல் ஓட்டினால் பழகிவிடும். தொடையிடுக்கில் தோல் உரசி எரிவது வேறு கதை. அது பழகாது, நாளுக்கு நாள் மோசமாகும். மூன்றாவது, முன்பக்கம் மரத்துப்போவது. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் சீட்டின் மூக்கில் பட்டு நசுங்குவதால் வருவது. வலியைக்கூடக் கொஞ்ச தூரம் பொறுத்துக்கொள்ளலாம். மரத்துப்போனால் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும்.

வலிக்கிறது என்றதும் எல்லோரும் முதலில் வாங்குவது சீட்டுக்கு மேல் போடும் ஜெல் உறை. விரலால் அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருக்கும், மனசு நிறைந்துவிடும். மெரினாவில் காய்ந்த மணலில் உட்கார்ந்து பாருங்கள்: உட்காரும் எலும்பு இருக்கும் இடம் பள்ளமாகும், நடுவில் மணல் மேடாக எழும்பும். ஜெல்லும் அதையேதான் செய்கிறது. எலும்பு தாங்க வேண்டிய எடையை நடுவில் இருக்கிற மென்மையான பகுதியின் மேல் தள்ளிவிடுகிறது. அரை மணி நேரம் காய்கறி வாங்கப் போய்வர அது போதும். மாமல்லபுரம் போய்த் திரும்புவதற்கு ஆகாது.

"அந்தக் காலத்துப் பால்காரர் பேட் வைத்த ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டா ஓட்டினார்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்வி. அவர் சைக்கிளில் ஹேண்டில்பார் உயரம், முதுகு நிமிர்ந்திருக்கும். சீட் அகலமாக, அடியில் ஸ்பிரிங்கோடு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்கு வீடு இறங்கி ஏறினார். நாம் குனிந்தபடி ஒல்லியான சீட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறோம்.

உரசலுக்குப் பல நேரம் காரணம் சீட்டின் உயரம். எங்கள் குழுவில் ஒரு பையனுக்கு எப்போதும் இடது பக்கம் மட்டும் புண் வரும். மூன்று விதமான ஷார்ட்ஸ் மாற்றிப் பார்த்துவிட்டான். கடைசியில் எங்கள் பேட்டையிலுள்ள சைக்கிள் கடை அண்ணன் அவனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தார். "இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது தம்பி. சீட்டு ஏத்தமா இருக்கு" என்று அரை இஞ்சு இறக்கிப் போட்டார். விஷயம் அவ்வளவுதான். சீட் உயரமானால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது. எட்டுவதற்காக ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு சரிந்து நிமிரும். ஒரு மணி நேரத்துக்கு ஐயாயிரம் தடவை இப்படிச் சரிந்தால் எந்தத் தோல்தான் தாங்கும்?

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஓட்டும்போது போடும் ஷூவோடு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே வரை இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டியில் தானாகவே சிறு மடிப்பு கிடைக்கும். கணக்குப் போடப் பிடித்தவர்களுக்கு: தொடையிடுக்கிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் தண்டு (கிராங்க்) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை உள்ள தூரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் ஏறத்தாழ 70.6. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. அதன்பின் ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. வரைதான் மாற்ற வேண்டும். சீட் குழாயில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால், பழைய உயரத்துக்கே திரும்பத் தோன்றும்போது தேட வேண்டாம்.

அடுத்தது சாய்வு. சீட்டின் மேல் தடிமனான புத்தகத்தை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தையோ போனையோ வைத்துப் பாருங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மரத்துப்போகும். ரொம்பக் கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். கை வலி இலவசம். மட்டமாக வைத்து ஆரம்பியுங்கள். ஹேண்டில்பார் தூரமாக இருந்தாலும் இதே தொல்லைதான். எட்டிப் பிடிப்பதற்காக நம்மை அறியாமல் மூக்கின் மேல் போய் உட்கார்ந்துவிடுவோம்.

புது சீட் வாங்குவதற்கு முன் அகலம் தெரிய வேண்டும். வீட்டில் இருக்கும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் படிக்கட்டில் போட்டு, முட்டியைச் சற்று உயர்த்தி, குனிந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளங்களின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அதோடு இரண்டு செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும். பெண்களுக்கு இந்த எலும்புகள் பொதுவாக ஆண்களைவிடத் தள்ளி இருக்கும். கணவரின் சைக்கிளைக் கடன் வாங்கி ஓட்டிவிட்டு "எனக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டுவிட்ட பெண்களில் பலருக்கு ஒத்துவராதது அந்த சீட்தான்.

மலையில் ஓட்டுவதைவிட ஈசிஆர் போன்ற சமதளம்தான் உட்காருமிடத்துக்குக் கொடுமை என்று சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் தொடை கதறும், பின்பக்கம் ஒன்றும் சொல்லாது. ஏற்றத்தில் அடிக்கடி எழுந்து நிற்கிறோம், பலமாக மிதிக்கும்போது உடம்பின் எடையில் ஒரு பங்கைக் கால் தாங்குகிறது. கல்பாக்கம் தாண்டி மரக்காணம் வரை எழுந்திருக்கச் சாக்கே கிடையாது. கால் சோர்ந்து மிதி லேசாக ஆக, முழு எடையும் சீட்டில் இறங்கிவிடும். நெடுந்தூர ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வலி கூடுவது இதனால்தான். எனவே பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம், தேவைப்படாவிட்டாலும், கியரைக் கூட்டி இருபது மிதி நின்றுகொண்டு ஓட்டுங்கள். பாலம், வேகத்தடை எது வந்தாலும் எழுந்துவிடுங்கள். வலி வந்தபின் எழுந்திருப்பதில் பெரிய பலன் இல்லை.

சாலையின் அதிர்வெல்லாம் சீட்டுக்கே வந்துசேரும் என்பதால், டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. அளவு தாராளம்.

இனி ஷார்ட்ஸ். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. இதைச் சொன்னால் நம்மாட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஜட்டியின் தையலும் எலாஸ்டிக்கும் உரசுவதைத் தவிர்க்கத்தானே அந்த பேட்? வெட்கமாக இருந்தால் மேலே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தடித்த பேட் நல்ல பேட் அல்ல. உடம்போடு ஒட்டி, மடிப்பு விழாமல் இருப்பதே நல்லது. ஒரு தடவை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடக் கூடாது. மழைக்காலத்தில் ஒரே இரவில் காயாது என்பதால் இரண்டாவது ஷார்ட்ஸ் ஆடம்பரம் இல்லை.

மே மாத வியர்வையில் தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரம் தாங்கும். வாசலைன் அதிக நேரம் தாங்கும், ஆனால் பேடில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் மசியாது. நெடுந்தூரத்துக்கு இதற்கென்றே விற்கும் கிரீம் நல்லது. வேர்க்குரு பவுடர் மட்டும் வேண்டாம். வியர்வை பட்டதும் கட்டி கட்டியாகி அதுவே உரச ஆரம்பிக்கும்.

என் கணக்கில் ஈசிஆர்காரர்களின் புண்ணுக்குப் பெரிய காரணம் சாலையில் இல்லை, டிபன் கடையில் இருக்கிறது. 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நனைந்த ஷார்ட்ஸோடு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் பொங்கல், வடை, காபி, அரட்டை. அந்த ஈரமும் சூடும்தான் கிருமிகளுக்கு விருந்து. உரசிய தோலின் முடிக்கால்களில் அவை புகுந்தால் மறுநாள் கொப்புளம். ஓட்டி முடித்ததும் முதலில் ஷார்ட்ஸைக் கழற்றிக் குளித்து, நன்றாகத் துவட்டி, லுங்கிக்கு மாறுங்கள். பொங்கல் ஆறினாலும் பரவாயில்லை. அந்த இடத்தில் ஷேவ் செய்வதும் வேண்டாம். வெட்டுப்பட்ட முடிக்கால் கொப்புளத்துக்கு வாசல்.

கொப்புளம் வந்துவிட்டால் பிதுக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ஆறும் வரை சைக்கிளைத் தொடாமல் இருங்கள். வட்ட வட்டமாகப் படர்ந்து அரித்தால் அது சீட் புண் அல்ல, படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும், பிறகு முன்னைவிட அதிகமாகப் படரும்.

காசு செலவழிக்கும் வரிசை இது: உயரமும் சாய்வும் சரிசெய்யச் செலவே இல்லை, அப்புறம் ஷார்ட்ஸ், புது சீட் கடைசியில். கட்டி வளர்ந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சைக்கிளை விட்டு இறங்கி வெகுநேரமாகியும் மரத்துப்போனது திரும்பாவிட்டாலோ, வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சிறு கொப்புளத்தையே காட்டிவிடுவது நல்லது.