குழுவில் பழகியவரை நேரில் சந்திக்கப் போகிறீர்களா?

இளையராஜா ரசிகர் குழு, தமிழ் வாசகர் குழு, போட்டித் தேர்வுக் குழு என்று எதிலோ மாதக்கணக்கில் பேசிப் பழகிய ஒருவர், "அடுத்த வாரம் திருப்பதி வர்றேன், பார்க்கலாமா?" என்று கேட்கிறார். சித்தூர், திருப்பதிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சென்னை, வேலூர், பெங்களூரு நண்பர்கள் என்றைக்காவது மலைக்கு வரத்தானே செய்வார்கள்! தாராளமாகச் சந்தியுங்கள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: நினைத்த நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குக் கிளம்பும் வசதி உங்கள் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ளவை அதற்கான ஏற்பாடுகள்.

1. முகத்தையும் குரலையும் அறியுங்கள்

சந்திப்புக்கு முன் வீடியோ காலில் பேசிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கேமரா கெட்டுவிட்டது என்பவரைச் சந்திக்க அவசரப்பட வேண்டாம். வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் படிப்பதாகச் சொன்னால் துறை, விடுதி, தேர்வு என்று பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். போன மாதம் சொன்னதும் இன்று சொல்வதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். குழுவில் அவரை நேரில் அறிந்தவர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

2. டிக்கெட், ஆதார், பணம் வேண்டாம்

"தரிசன டிக்கெட் வாங்கித் தர்றேன், ஆதார் நகலும் பணமும் அனுப்புங்க" என்பது திருப்பதியின் பெயரைச் சொல்லி விரிக்கப்படும் வலை. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்தைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். உள்ளூர்க்காரர் என்பதால் உங்களிடமே டிக்கெட் கேட்டாலும் அந்த இணையதளத்தைக் கைகாட்டிவிடுங்கள். நேரில் பார்ப்பதற்கு முன் கடனும் கூடாது, கைமாற்றும் கூடாது.

3. இடத்தை நீங்கள் சொல்லுங்கள்

முதல் சந்திப்புக்குத் திருமலை சரிப்படாது. கோயிலுக்குள் செல்போன் அனுமதியில்லை. ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசைக்குப் போக வேண்டும். கூட்டத்தைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை யாரையும் கூப்பிட முடியாது, பாதியில் வெளியே வருவதும் கஷ்டம். அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறுவதும் அப்படித்தான்: பாதி வழியில் மனம் மாறினால் சட்டென்று கிளம்ப முடியாது. தலக்கோனா அருவி காட்டுக்குள் இருக்கிறது. லாட்ஜ் அறை, அவர் வீடு, அவர் கார் ஆகியவையும் வேண்டாம்.

திருப்பதியிலோ சித்தூரிலோ பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டமுள்ள டிபன் கடை போதும். காலை பத்து, பதினொரு மணி நல்ல நேரம். "ஒரு மணிக்கு எனக்கு வேலை இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. போக்குவரத்து உங்களுடையது

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். பேருந்திலோ சொந்த வண்டியிலோ போங்கள்; "நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். திரும்பும் பேருந்து நேரத்தையும் விசாரித்து வையுங்கள். ஆந்திரப் பெண்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் போன்ற அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

5. ஒருவருக்காவது தெரியட்டும்

யாரை, எங்கே, எத்தனை மணி வரை என்பதை அக்காவிடமோ தோழரிடமோ சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிடுங்கள். குறித்த நேரத்தில் அவர் உங்களை அழைக்கட்டும். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் போகவே கூடாது.

6. எதிரே உட்கார்ந்த பிறகு

குழுவில் பேசிய விஷயத்திலிருந்தே தொடங்குங்கள். முதல் பத்து நிமிடக் கூச்சம் இருவருக்கும் உண்டு. சாப்பிட்டதற்கு அவரவர் பணம் கொடுங்கள். குடிக்கும் தண்ணீரும் காபியும் கண்பார்வையில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றுவது, "வீட்ல சொல்லாதீங்க" என்பது, நீங்கள் போட்ட நிபந்தனைக்குக் கோபப்படுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

7. பழக்கம் நட்பாக

பேச்சு மட்டும் நட்பை வெகுதூரம் கொண்டுபோகாது. சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும். அடுத்த முறை குழுவிலிருந்து இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சந்திரகிரிக் கோட்டைக்குப் போகலாம் (அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை). சித்தூர்க்காரர்களுக்குக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் பக்கம். புத்தகம் மாற்றிக்கொள்ளுங்கள், தேர்வுக்குச் சேர்ந்து படியுங்கள். வீட்டுக்கு அழைப்பதெல்லாம் அதற்குப் பிறகு, வீட்டார் இருக்கும்போது.

8. தப்பாகப் போனால்

உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கு 181 உதவி எண்ணும் ஆந்திரக் காவல்துறையின் சக்தி செயலியும் உண்டு. செயலியைக் கிளம்புவதற்கு முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு அதிகம். உங்கள் படத்தைக் காட்டி மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிளாக் செய்யுங்கள்.

இவ்வளவு நிபந்தனையா என்று அவர் மனம் கோணுவாரோ என்ற தயக்கம் வேண்டாம். நல்ல மனிதராக இருந்தால், அவருடைய தங்கைக்கும் இதையேதான் சொல்லியிருப்பார்.