ஈப்போவும் தோட்டப்புறமும்: எங்கே உண்பது, எங்கே தங்குவது, எதைக் காண்பது?

விடுமுறை என்றதும் வெளிநாட்டுப் பயணத்தைக் கனவு காண்போர் நம் பல்கலைக்கழக மாணவரிடையே பலர். ஸ்பெயின் செல்ல விரும்பும் ஒருவர் முதலில் தேடுவது மூன்று விவரங்களைத்தான்: எங்கே உண்பது, எங்கே தங்குவது, எதைக் காண்பது. கிரானடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையை யார் கட்டினர் என்பதைக்கூட அவர் முன்கூட்டியே படித்துவிட்டுச் செல்வார். அந்த அக்கறையில் பாதியையாவது நம் பேரா மாநிலத்தின் மீது காட்டுகிறோமா? ஈப்போ என்றால் வெள்ளைக் காப்பி, குகைக் கோயில், சுவரோவியம் என்ற அளவிலேயே நம் பயணம் முடிந்துவிடுகிறது.

பேராவில் அதே மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்தக் கேள்வி: "இங்கே உழைத்தவர் யார்?" அதற்கான விடை நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவிலேயே பெரும்பாலும் இருக்கிறது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே இந்தப் பயணத்தை மேற்கொள்வது நல்லது.

1. புறப்படும் முன்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மின்சார இரயில் சேவை 2010இல் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நகரின் நடுவிலேயே இறங்கிவிடலாம். பேருந்தில் வருவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: விரைவுப் பேருந்துகள் நிற்கும் அமான்ஜெயா நிலையம் நகருக்கு வெளியே மேரு ராயாவில் உள்ளது. பத்துகாஜா, சுங்கை சிப்புட், கோலகங்சார் ஆகிய ஊர்களிலும் இரயில் நிலையங்கள் உள்ளன. எனினும் தோட்டங்கள் இருந்த உட்பகுதிகளுக்குப் பேருந்து வசதி குறைவு. நால்வர் சேர்ந்து ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொள்வது சிக்கனமானது.

இரயிலைவிட்டு இறங்கியவுடனே முதல் பாடம் தொடங்கிவிடுகிறது. 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ஈப்போ இரயில் நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். வெண்ணிறக் குவிமாடங்களைக் கொண்ட இதை ஈப்போவின் தாஜ்மகால் என்று செல்லமாக அழைப்பர். நிலையத்தின் முன் நிற்கும் ஈப்போ மரத்தையும் பாருங்கள். நச்சுப்பால் கொண்ட அந்த மரத்தின் பெயரே ஊருக்கும் வந்தது.

2. எங்கே உண்பது?

பழைய நகரின் காப்பிக்கடைகளிலிருந்து தொடங்கலாம். சின் யூன் லூங், நாம் ஹியோங் ஆகியவை பெயர் பெற்ற கடைகள். வெள்ளைக் காப்பி என்பதற்கு வெள்ளை நிறக் காப்பி என்று பொருளன்று. சாதாரணக் காப்பிக்கொட்டையைச் சீனி முதலியவை சேர்த்துக் கருக வறுப்பர். இங்கோ மார்ஜரின் மட்டும் சேர்த்து இளவறுப்பாக வறுக்கின்றனர். கெட்டிப்பால் கலந்ததும் கசப்புக் குறைந்த மணமான காப்பி கிடைக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை நாடி வந்த சீனர்கள் வளர்த்த நகரம் இது. அவர்களின் காப்பிக்கடைப் பண்பாட்டை இந்த மேசைகளில் அறியலாம்.

அடுத்து யாங் கால்சோம் சாலையில் உள்ள யோங் சுவான் காப்பிக்கடைக்குச் செல்லுங்கள். சீனர் காப்பிக்கடையில் நாசி கண்டார் விற்கப்படுவதை அங்குக் காணலாம். சிவந்த குழம்பில் ஊறிய கோழியும் உப்பு முட்டையும் அதன் சிறப்பு. நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் இந்நாட்டுக்குத் தந்த உணவு. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடிக் கம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். முற்காலத்தில் சோற்றையும் குழம்பையும் அக்கம்பின் இரு முனைகளில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றனர். தோட்டத்தில் பால் வாளிகளைச் சுமந்த தோள்கம்பை நம் மக்கள் 'காண்டா' என்றனர். 'காண்டா வாளி' என்ற தொடரைப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரக் கதை கிடைக்கும்.

மூன்றாவதாகச் செல்ல வேண்டிய இடம் புந்தோங். ஈப்போவில் தமிழர் நெருங்கி வாழும் பகுதி இது. இங்குள்ள கச்சான் பூத்தே கம்பத்தில் முறுக்கு, ஓமப்பொடி, வறுகடலை, பட்டாணி எனப் பலவகைப் பலகாரங்களைக் குடும்பத் தொழிலாகச் செய்து விற்கின்றனர். இத்தொழிலைக் கொண்டுவந்த குடும்பங்களின் பூர்வீகம் பாரதியார் பிறந்த எட்டயபுரம் வட்டாரமாகும். ஒரு காலத்தில் திரையரங்க வாசல்களில் காகிதக் கூம்பில் மடித்து விற்கப்பட்ட பண்டம் இன்று பைகளில் அடைக்கப்பட்டு நாடெங்கும் செல்கிறது. வீட்டுக்கு வாங்கிச் செல்ல இதைவிடப் பொருத்தமான பொருள் ஈப்போவில் இல்லை. வாழையிலைச் சோறு வேண்டுவோர் லாஹாட் சாலை, சுல்தான் யூசோப் சாலைப் பகுதியிலுள்ள லிட்டில் இந்தியாவுக்குச் செல்லலாம்.

எந்தக் கடையிலும் விற்கப்படாத உணவு ஒன்றும் உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1941–1945) அரிசி கிடைக்காத தோட்ட மக்களின் உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர் பலர். அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் முகம் வாடும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், காரணம் என்னவென்று மெல்லக் கேளுங்கள்.

3. எங்கே தங்குவது?

ஈப்போவைப் பொறுத்தவரை மாணவர்களுக்கு ஏற்றது பழைய நகரமே. பழைய கடைவீடுகளைப் புதுப்பித்து அமைக்கப்பட்ட சிறு விடுதிகள் அங்குப் பல உள்ளன. இரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். கிந்தா ஆற்றுக்கு மேற்கே பழைய நகரம், கிழக்கே புதிய நகரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. பள்ளி விடுமுறையிலும் தைப்பூசத்தின்போதும் அறைகள் விரைவில் நிரம்பிவிடும், முன்பதிவு அவசியம்.

தைப்பூசத்தின்போது செல்வோர் ஒரு பெருங்காட்சியைக் காணலாம். புந்தோங் சுங்கைப் பாரி மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் வரை காவடிகள் செல்லும். சுண்ணாம்புக் குன்றின் அடியில் அமைந்த ஆலயம் அது. அதே குன்றில் 1973 அக்டோபரில் பாறை சரிந்து வீடுகள் மீது விழுந்ததில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். ஈப்போவைச் சூழ்ந்துள்ள குன்றுகளின் அழகைப் பேசும்போது இதனையும் மறத்தலாகாது.

ஓர் இரவையாவது விடுதிக்கு வெளியே கழிக்குமாறு பரிந்துரைக்கிறேன். நம் வகுப்புத் தோழர்களில் பேராவைச் சேர்ந்தோர் நிச்சயம் இருப்பர். அவர்களுடைய பெற்றோரில் பலர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பின்னர் அருகிலுள்ள தாமான்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அவ்வீட்டுப் பாட்டி தாத்தாவுடன் இரவு உணவுக்குப் பின் அமர்ந்து பேசும் வாய்ப்பு எந்த நட்சத்திர விடுதியிலும் கிடைக்காது. செல்லும்போது பழமோ பலகாரமோ வாங்கிச் செல்லுங்கள். மறுநாள் காலை அவர்களையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழி சொல்லவும் கதை சொல்லவும் அவர்களே தகுந்தவர்கள்.

4. எதைக் காண்பது?

(அ) கெல்லிஸ் காசல், பத்துகாஜா

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1890இல் மலாயாவுக்கு வந்து, காட்டைத் திருத்திக் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கினார். 1915இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். இதன் குதிரைலாட வடிவ வளைவுகள் அல்ஹம்ப்ராவின் மூரிய மரபை நினைவூட்டுபவை. ஸ்பெயினுக்குப் போக முடியாதவர்கள் இங்கே சற்று நின்று பார்க்கலாம்! கட்டுமானத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர்.

கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது 'ஸ்பானியக் காய்ச்சல்' பரவித் தொழிலாளர் பலர் இறந்தனர். அந்நோய் ஸ்பெயினில் தோன்றியது அன்று. முதல் உலகப் போரில் நடுநிலை வகித்த ஸ்பெயினின் நாளிதழ்கள் தணிக்கையின்றிச் செய்தி வெளியிட்டதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. தங்களைக் காக்க ஒரு கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டனர்; கெல்லி ஸ்மித் இசைந்தார். மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் இருக்கும் மகா மாரியம்மன் ஆலயம் அவ்வாறு எழுந்தது. ஆலயத்தின் மேற்பகுதியில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளை உடை அணிந்த ஒருவரின் சிலை நிற்கிறது. அது கெல்லி ஸ்மித்தின் உருவம் என்பர்.

1926இல் அவர் போர்த்துகலின் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். மாளிகை முற்றுப்பெறவில்லை. பலரும் பேய்க்கதை கேட்டுப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்தக் கோயில்வரை செல்வோர் சிலரே. முடிவுறாத மாளிகை சுற்றுலாத்தலமாகிவிட்டது. தொழிலாளர்கள் கேட்டுப் பெற்ற கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது.

(ஆ) 'கடவுளின் சிறு நிலம்', பத்துகாஜா

ஹோலி டிரினிட்டி தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம் இது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அம்மூவரும் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெயரும் நாளும் பொறித்த அக்கற்களைப் பார்க்கும்போது, தோட்டங்களில் மறைந்த நம் முன்னோரில் எத்தனை பேருக்கு இப்படிப் பெயர் பொறித்த கல் உண்டு என்ற எண்ணம் எழாமல் இராது.

(இ) சுங்கை சிப்புட்

துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்லத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோகும் நிலை உருவானது. அதற்கு மாற்றாக 1960இல் சம்பந்தனார் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறு தொகை செலுத்திப் பங்குதாரர் ஆயினர். சங்கம் தோட்டங்களை வாங்கியது. கூலி வாங்கியவர் பங்குதாரரான வரலாறு நம் பொருளாதாரப் பாடநூலில் இடம்பெறத் தக்கது. 1954இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளியையும் இவ்வூரில் காணலாம்.

(ஈ) கோலகங்சார்

1877இல் இங்கு நடப்பட்ட ஒன்பது இரப்பர்க் கன்றுகளில் ஒன்று வளர்ந்து மரமாக இன்றும் நிற்கிறது. மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பிரேசில் நாட்டு விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றாகக் கப்பலேறி இங்கு வந்தது. அந்த மரம் வந்ததால்தான் நம்மில் பலரின் கொள்ளுத்தாத்தாவும் கப்பலேறினார். பயணத்தை இங்கே நிறைவு செய்வது பொருத்தம்.

5. பழைய தோட்டத்தை அறிவது எப்படி?

பேராவின் சாலையோரங்களில் இன்று செம்பனையே கண்ணுக்குத் தெரிகிறது. கித்தா மரங்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. எனினும் சில அடையாளங்கள் எஞ்சியிருக்கும். செம்பனைக்கு நடுவே தனியாக ஒரு மாரியம்மன் அல்லது முனீஸ்வரர் கோயில். அதன் அருகே வேப்பமரமோ அரசமரமோ. மேட்டில் துரை பங்களா. மூடப்பட்ட பள்ளிக் கட்டடம். இவற்றைக் கண்டால் அங்கே ஓர் ஊர் இருந்தது என்று அறியலாம். தோட்டம் கலைந்த பிறகும் கோயில் திருவிழாவுக்காகப் பல ஊர்களிலிருந்து பழைய குடும்பங்கள் திரும்பி வருவதுண்டு. அந்நாளில் செல்வதே சிறப்பு. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் அலுவலகத்தில் அனுமதி பெற்றே உள்ளே நுழைய வேண்டும்.

பெரியவர்களிடம் கேட்கத்தக்க சில கேள்விகள்:

• பெரட்டுக்கு எத்தனை மணிக்குச் சென்றீர்கள்? பெயர் கூப்பிட்டவர் யார்?
• ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினீர்கள்? மழை பெய்தால் கூலி உண்டா?
• குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டீர்களா? அங்கே யார் பார்த்துக்கொண்டார்?
• லயத்தில் பக்கத்து வீட்டார் யார்? இப்போது எங்கே இருக்கின்றனர்?
• தோட்டத்தைவிட்டு எந்த ஆண்டு வெளியேறினீர்கள்? எதை எடுத்து வந்தீர்கள்?

விடைகளைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, சொன்னவரின் ஒப்புதல் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மங்கு, நிரை, ஒட்டுப்பால், வெளிக்காடு போன்ற சொற்கள் பேச்சில் வரும்போது பொருள் கேட்டு எழுதி வையுங்கள். தொழில் மறைந்தால் அதன் சொற்களும் உடன் மறையும் என்பது மொழி பயிலும் நமக்குத் தெரியாததன்று.

மூன்று நாள், நான்கு நண்பர்கள், ஒரு வாடகைக் கார், உடன் ஒரு பாட்டி அல்லது தாத்தா. இந்தப் பயணத்துக்கு வேண்டியவை இவ்வளவே. ஸ்பெயின் அரண்மனைகள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். நம் பெரியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே அன்பு நண்பர்களே, வரும் விடுமுறையில் முதல் பயணச்சீட்டை ஈப்போவுக்கே வாங்குங்கள்.