‘இரண்டாவது குழந்தைக்கும் ஆகும்’ என்று விற்ற ஸ்ட்ரோலர்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. அவள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, என் அப்பா சென்னையில் ஒரு பெரிய கடையில் 68,000 ரூபாய்க்கு வெளிநாட்டு ஸ்ட்ரோலர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 22 கிலோ வரை தாங்கும், எந்த ரோட்டிலும் ஓடும், இரண்டாவது குழந்தை பிறந்தால் இன்னொரு சீட்டை மாட்டி இரட்டை வண்டியாக்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். இதையே என் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினார். விளம்பரத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. பாகங்களைப் பூட்டிக் கொடுத்ததும் கடையில்தான். இரண்டு வருட வாரண்டி உண்டு.

இப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இரண்டாவது சீட்டைக் கேட்டால், “அந்த மாடலுக்கு அது இந்தியாவுக்கு வருவதே இல்லை” என்கிறார்கள். போன மாதம் பூங்காவில் தள்ளிக்கொண்டு போகும்போது மடக்கும் இடத்து லாக் தானாக விட்டு, வண்டி பாதி மடங்கிவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் மகள் தப்பினாள், தாடையில் சிராய்ப்பு. டாக்டரிடம் காட்டி மருந்து போட்டோம். கடையில் கேட்டதற்கு, மோசமான ரோட்டில் ஓட்டியதால் வாரண்டி கிடையாது, 9,000 ரூபாய் கட்டினால் லாக்கை மாற்றித் தருகிறோம் என்றார்கள். பில் அப்பா பெயரில் இருப்பதால் நான் வாடிக்கையாளரே இல்லையாம். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருப்பதையும் காட்டினார்கள்.

நான் கோவையில் இருக்கிறேன். வழக்குப் போட சென்னைக்கு அலைய வேண்டுமா? பணம் திரும்பக் கிடைக்குமா? என் நாத்தனாரும் இப்படி ஒரு வண்டி வாங்க இருக்கிறார். அவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

– வாசகி, கோவை

பதில்: சகோதரி, முதலில் அந்த வண்டியில் குழந்தையை உட்காரவைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒருமுறை தானாக விட்ட லாக் மறுபடியும் விடும். 9,000 ரூபாய் கட்டி அதை மாற்றவும் வேண்டாம். பழுதான அந்த லாக்தான் உங்கள் வழக்கின் முதல் சாட்சி. மாற்றிவிட்டால் கடைக்காரர் சொல்வதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. லாக் பிடிக்காமல் நழுவுவது தெளிவாகத் தெரியும்படி வீடியோ எடுங்கள். சக்கரம், சட்டம், அடியில் ஒட்டியிருக்கும் லேபிள் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். பரிசோதிக்க வேண்டும் என்று கடை கேட்டால், வண்டி எந்த நிலையில் பெறப்பட்டது என்று எழுதிய ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். டாக்டர் சீட்டும் மருந்துக்கடை பில்லும் பத்திரம்.

பில் அப்பா பெயரில் இருப்பது தடையே அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7), பணம் கொடுத்து வாங்கியவரோடு அவர் சம்மதத்துடன் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. பேத்திக்குத் தாத்தா வாங்கித் தந்த வண்டிக்கு இது அப்படியே பொருந்தும். ஆனாலும் அப்பாவை முதல் புகார்தாரராகவும் உங்களை இரண்டாவது புகார்தாரராகவும் சேர்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு அந்த வாதத்தைத் தொடங்கவே முடியாது.

அடுத்து இரண்டாவது சீட். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். லாக் உடைந்ததைப் பெரிதாக எழுதி, இதைப் போகிற போக்கில் ஒரு வரியாகச் சேர்க்கும் மனுக்களைப் பார்க்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிப்போக ஒரு வண்டி வேண்டுமென்றால் சில ஆயிரங்களிலேயே கிடைக்கும். உங்கள் அப்பா 68,000 கொடுத்தது இன்றைய தேவைக்காக மட்டும் அல்ல. குழந்தை வளர வளர வண்டியும் மாறிக்கொடுக்கும், தம்பியோ தங்கையோ வந்தாலும் உதவும் என்று சொன்னதை நம்பித்தான். விலையின் பெரும்பகுதி அந்த வருங்காலத்துக்கானது. அது இல்லை என்றால், வாங்கியதில் பெரும்பகுதி கைக்கு வரவே இல்லை என்றுதான் அர்த்தம்.

சட்டமும் இதை இப்படித்தான் பார்க்கிறது. ஒரு பொருளுக்கு இல்லாத செயல்திறன், தன்மை, துணைப்பாகம், பயன் ஆகியவை இருப்பதாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக முறை என்கிறது பிரிவு 2(47). துணைப்பாகம் என்பது நான் சேர்த்த வார்த்தை அல்ல. சட்டத்திலேயே தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. “வண்டியில் அந்த வசதி இருக்கிறது, மாட்ட வேண்டிய சீட்தான் இங்கே வருவதில்லை” என்று கடை வாதாடும். வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறார், இந்தியாவில் பயன்படுத்தத்தான் வாங்குகிறார் என்பது விற்றவருக்குத் தெரியும். இங்கே கிடைக்காத சீட்டைக் காட்டி விலை பேசியது எப்படி நேர்மையாகும் என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

“கடைக்காரர் வாயால் சொன்னதெல்லாம் செல்லுமா?” என்று பலர் கேட்கிறார்கள். செல்லும். குறைபாடு என்பதற்குப் பிரிவு 2(10) தரும் விளக்கத்தில், வியாபாரி எந்த வகையில் சொல்லியிருந்தாலும் அந்தத் தரத்துக்குப் பொருள் குறைந்தால் அது குறைபாடுதான். சிக்கல் செல்லுபடியாவதில் இல்லை, நிரூபிப்பதில் இருக்கிறது. உங்களிடம் வாட்ஸ்அப் செய்தி இருப்பது பெரிய பலம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள்; போனையும் மாற்றிவிடாதீர்கள். அச்சுப்பிரதியோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, பிரிவு 63-ன்படி மின்னணுச் சான்றிதழையும் இணையுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. இருந்தாலும் மேல்முறையீடு வரை போனால் இது கைகொடுக்கும்.

இனி, மோசமான ரோடு என்ற வாதம். தவறாகப் பயன்படுத்தியதால் வந்த தீங்குக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று பிரிவு 87 சொல்வது உண்மை. ஆனால் எந்த ரோட்டிலும் ஓடும் என்று எழுதிக் கொடுத்தவர், பூங்காப் பாதையில் ஓட்டியதைத் தவறான பயன்பாடு என்று சொல்ல முடியாது. 2(47)-இல் இன்னொரு கூறும் உண்டு. தகுந்த சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ பொதுமக்களிடம் உத்தரவாதம் தருவதும் நேர்மையற்ற வணிக முறைதான். சோதனை செய்துதான் சொன்னோம் என்று அவர்கள் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே.

அதனால் லேபிளைக் கவனமாகப் படியுங்கள். குழந்தை வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1888. மடிக்கும் சட்டத்தின் லாக் எந்த அளவு நம்பகமானது என்பதும் அதில் சோதிக்கப்படுகிறது. அதன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைக்கு. 15-க்கு மேல் 22 கிலோ வரை என்றால் இரண்டாம் பகுதி. உங்கள் வண்டியின் லேபிளில் முதல் பகுதி மட்டும் இருந்தால், 22 கிலோ என்ற பேச்சுக்கு ஆதாரம் என்ன என்று நோட்டீஸிலேயே கேளுங்கள்.

ஒன்றை நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைப்பிடியில் கனமான பைகளைத் தொங்கவிட்டதுண்டா? இத்தகைய வண்டிகளின் கையேட்டில் பொதுவாக அதற்கு ஒரு வரம்பு இருக்கும். உங்கள் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். எதிர்த்தரப்பு கட்டாயம் இதைக் கேட்கும். உண்மையைச் சொல்லத் தயாராக இருங்கள்.

பழுது தயாரிப்பிலா, பயன்பாட்டிலா என்பது கண்ணுக்குத் தெரியாதபோது, பிரிவு 38-ன்படி ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். அதற்கு முன்பே ஒரு இயந்திரவியல் பொறியாளரைக் கொண்டு லாக்கைப் பார்வையிடவைத்து, அவருடைய கருத்தைப் பிரமாண வாக்குமூலமாக வாங்கி இணைத்துவிடுங்கள். கோவையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பல வழக்குகளில் நல்ல ஒரு வாக்குமூலமே போதுமானதாக இருந்துவிடும்.

யார் மேல் வழக்கு? கடை, இறக்குமதியாளர் இருவர் மேலும் போடுங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. வெளிநாட்டுக் கம்பெனியைத் தேடி நோட்டீஸ் அனுப்பும் பாடு வேண்டாம்; இறக்குமதி செய்பவரும் பொருளை விற்பவர் என்ற வரையறைக்குள் வருகிறார். பாகங்களைப் பூட்டுவதில் உரிய கவனம் எடுக்காத விற்பனையாளர் பொருளால் வந்த தீங்குக்குப் பொறுப்பு என்று பிரிவு 86 சொல்கிறது. கடையில்தான் பூட்டித் தந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியம். இந்தப் பொருள் பொறுப்புக் கோரிக்கை குழந்தைக்குப் பட்ட காயத்துக்கும் அதனால் வந்த மன வேதனைக்கும்தான். வண்டியின் விலை அதில் வராது. விலையைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை என்ற தலைப்புகளில் கேளுங்கள். மனுவில் இந்த இரண்டையும் பிரித்து எழுதுவது அவசியம்.

சிராய்ப்புதானே என்று விட்டுவிடவும் வேண்டாம். 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியிட்டது. மடக்கும் கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. மடங்கும் இடம் அவ்வளவு ஆபத்தானது. நம் நாட்டில் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம், பிரிவு 20-ன்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. உங்கள் வழக்குக்குத் தனியாக, மாவட்ட ஆட்சியர் வழியாகவோ நேரடியாகவோ அங்கும் ஒரு புகார் அனுப்புங்கள். அதே மாடலில் இன்னொரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது அல்லவா?

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. குறைபாடுள்ள பொருளுக்கு அது பொருந்தாது. சட்டம் தந்த உரிமையைப் பில்லில் அச்சடித்துப் பறிக்க முடியாது. ஆனால் அந்த வரியை நேர்மையற்ற ஒப்பந்தம் என்று தனியாகத் தாக்கி எழுதிவிடாதீர்கள். அந்த வகை வழக்கு மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்; தேவையில்லாத சுற்று.

சென்னைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்று பிரிவு 34 அனுமதிக்கிறது. கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. லாக் போன மாதம்தான் பழுதானது என்றாலும், வாங்கிய நாளிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன்படி இன்னும் பத்து மாதம் இருக்கிறது. நோட்டீஸ் பெற்ற எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கை மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகும்.

முழு விலையும் வட்டியோடு கேளுங்கள். மாற்றாக, இரண்டாவது சீட்டோடு வேறு வண்டி தரவேண்டும் என்றும் கேளுங்கள். பதினான்கு மாதம் பயன்படுத்தியிருப்பதால் ஆணையம் ஒரு தொகையைக் கழித்துத் தரக்கூடும். அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். மன வேதனைக்கு ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எழுதச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். நியாயமான தொகை கேட்கும் மனுவுக்குத்தான் மதிப்பு.

உங்கள் நாத்தனாருக்கு. வண்டி எத்தனை விதமாக மாறும் என்று கடையில் காட்டும்போது, அந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேண்டிய பாகம் இன்று இந்தியாவில் விற்பனைக்கு இருக்கிறதா, என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது சீட், கைக்குழந்தைக்கான தொட்டில், கார் சீட்டை மாட்டும் அடாப்டர் எல்லாமே தனித்தனி விலை. கேட்டதைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் சீட் முழுக்கப் படுக்கையாக வர வேண்டும், அல்லது தொட்டில் வேண்டும். ஸ்ட்ரோலர் சீட்டைக் காரில் வைத்து ஓட்டக் கூடாது. குழந்தைக்கு உரிய பாதுகாப்பு இருக்கை இல்லாமல் காரில் அழைத்துப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194பி-ன்படி 1,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து அதைவிடப் பெரிது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கி வருவது மலிவாகத் தெரியலாம். வாரண்டி அந்த நாட்டோடு நின்றுவிடுகிறதா என்று முதலில் பார்க்கட்டும்; இங்கே இறக்குமதியாளரோ கடையோ இல்லாத வண்டிக்கு யார் மேல் வழக்குப் போடுவது? ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரமே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். கூடவே 15 நாள் கெடுவோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பிரசவத்துக்கு முன்பே மனுவைத் தாக்கல் செய்துவிடலாம். இணையம் வழியாகவும் முடியும். விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் வைத்தே நடக்கும். காணொலி வழியாக ஆஜராகவும் விண்ணப்பிக்கலாம். அலைச்சல் வேண்டிய நாட்களை அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.