உதட்டுக் கொப்புளமும் பச்சைப் பிள்ளையும்

கேள்வி: என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. தொட்டில் போட ஊரிலிருந்து என் நாத்தனார் வந்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டி எடுத்தவர் அவர்தான். இப்போது அவர் உதட்டோரம் கொப்புளம். "பல்லி எச்சம், இரண்டு நாளில் போய்விடும்" என்கிறார். மருமகனோ குழந்தையைத் தொடவே விடவில்லை. இது அவ்வளவு பெரிய விஷயமா, டாக்டர்?
- ஒரு வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: உங்கள் மருமகன் செய்வதுதான் சரி, அம்மா. உதட்டோரம் இப்படி வருவது பெரும்பாலும் ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸால்தான். பெரியவர்களுக்கு அது வந்து போகும் தொல்லை. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கோ, அபூர்வமாகத்தான் தொற்றும் என்றாலும், மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கலாம்.

காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கில் வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பார்களே, அது அறவே வேண்டாம். கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் இருக்கலாம். முத்தமும் வேண்டாம். பொருக்கு உதிரும் வரை நாத்தனார் குழந்தையைத் தூக்காமல் இருக்கட்டும். தாய்க்கே உதட்டில் வந்தால், சோப்புப் போட்டுக் கை கழுவி, மாஸ்க் அணிந்து பால் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.

உண்மையில் இந்த நோய் வரும் பச்சைக் குழந்தைகளில் நூற்றுக்கு 85 பேருக்கு இது பிரசவத்தின்போது, பிறப்புப் பாதையிலிருந்தே தொற்றுகிறது. தாய்க்கு அங்கே பழைய தொற்று திரும்ப வந்திருந்தால் ஆபத்து 2 சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் புதிதாக வந்திருந்தால் 25 முதல் 60 சதவீதம் வரை. அதனால் கர்ப்பிணிகள் அந்தரங்கப் பகுதியில் புண் இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முன்பே வந்தவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து மாத்திரை உண்டு. வலி எடுக்கும்போது புண் இருந்தால் சிசேரியன்தான் பாதுகாப்பு. பல தாய்மார்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. யாரையும் குறை சொல்லாதீர்கள்.

முதல் ஆறு வாரம் கண்ணும் கருத்துமாகக் கவனியுங்கள். உடம்பிலோ கண்ணோரத்திலோ நீர்க்கொப்புளம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, காய்ச்சல், உடம்பு சில்லிடுவது, வலிப்பு: எது வந்தாலும் அவசரம்தான். கொப்புளமே இல்லாமலும் இந்த நோய் வரும். 'அக்கி' என்று காவி பூசிக் காத்திருக்காதீர்கள். சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் உங்களுக்கு ஆட்டோ தூரம், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

அங்கே ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். முடிவு வரும் வரை காத்திராமல் அசைக்ளோவிர் மருந்தை நரம்பு வழியாக எட்டு மணிக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். தோல், கண், வாயோடு நின்றால் 14 நாள். மூளைக்கோ உடல் முழுக்கவோ பரவியிருந்தால் குறைந்தது 21 நாள். பிறகு ஆறு மாதம் வாய்வழி மருந்து. உடல் முழுக்கப் பரவினால், மருந்து இல்லாத காலத்தில் நூற்றுக்கு 85 குழந்தைகள் இறந்தன. இப்போது அது 30 அளவுக்குக் குறைந்திருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

நாத்தனாரை மனம் நோகச் செய்ய வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையலை அவரிடம் ஒப்படையுங்கள். "பொருக்கு உதிரட்டும் அக்கா, அப்புறம் பிள்ளை உங்கள் மடியில்தான்" என்று சொல்லுங்கள். அத்தனை பிள்ளைகளை வளர்த்தெடுத்தவருக்கு அது புரியும்.