தறிவீட்டுப் பிள்ளைக்கு யார் கடிதம் எழுதுவது?

தாராசுரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக ஒரு குழு தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்டு மனம் நிறைந்தது, தம்பி தங்கைகளே. கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் சிலவற்றை எழுதித் தருகிறேன்.

1. முதல் மார்க் வாங்கும் பிள்ளையைத் தேடிப் போகாதீர்கள். அந்தப் பிள்ளையை ஊரே பார்த்துக்கொள்ளும். தறிவீடுகளுக்குப் போங்கள். ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் சுற்றி வருவதையும், துளை இருக்கும் இடத்தில் இழை தூக்குவதையும் பார்த்துக்கொண்டே, ஒரு புட்டாவுக்கு எத்தனை அட்டை, வரிசையைத் திருப்பிப் போட்டால் பூ எப்படி விழும் என்று கேட்கிற பிள்ளை ஒன்று இருக்கும். பரீட்சையில் அறுபதுதான் வாங்கியிருக்கும். அதன் பெயரை முதலில் எழுதுங்கள்.

2. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். சொந்த வகுப்புக் கணக்கில் நன்றாகப் படிப்பவர்கள் எல்லாரும் ஒரே மார்க்கில் வந்து நிற்பார்கள்; வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் தொடங்கிய திட்டம் இதைத்தான் செய்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத வைத்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இளந்திறமையாளர் மையம் 1979-ல் அதிலிருந்துதான் வந்தது.

3. பக்கத்துக் கும்பகோணத்தில் நடந்ததை மறக்காதீர்கள். ராமானுஜன் 1904-ல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கியவர். அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, மற்றப் பாடங்களில் தவறியதால் போயிற்று. எஃப்.ஏ. தேர்வில் கடைசிவரை தேறவில்லை. 1910-ல் குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இந்தப் பிள்ளையை ரெவின்யூ ஆபீஸில் கட்டிப்போட அவருக்கு மனம் வரவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்தார். 1911-ல் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தது. 1913-ல் பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அவரை இங்கிலாந்துக்கு அழைத்த ஹார்டியை எல்லாரும் சொல்கிறார்கள். ராமசாமி ஐயரையும் ராவையும் யார் சொல்கிறார்கள்? உங்கள் குழுவுக்கு உள்ள வேலை அவர்கள் செய்ததுதான்: நோட்டைப் பார்ப்பது, தெரிந்தவருக்கு எழுதுவது, வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம் தருவது.

4. ஆகவே, இங்கிலீஷில் தவறியது என்று ஒரு பிள்ளையையும் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள்.

5. இருக்கிற உதவியைக் கொண்டுவந்து சேருங்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல வீடுகளில் அது தெரியாமல் பணம் நின்றுபோகிறது. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் உண்டு. சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பிள்ளைகளுக்குத் திறனறிப் போட்டி நடத்துகிறது. புனேயில் 1962-ல் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஞானப் பிரபோதினி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

6. தார் சுற்ற உட்கார்ந்துவிட்ட பெண்பிள்ளைகளை அம்மாவிடம் கேட்டு அழைத்து வாருங்கள். குழுவின் வகுப்பை இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள்.

என்.எம்.எம்.எஸ். தேர்வு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே எட்டாம் வகுப்பு ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள்.